மூன்று பேர் மூன்று விலை சொல்கிறார்கள்: கட்டடத்தை இடிக்க உண்மையில் எவ்வளவு ஆகும்?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவர் அப்பா காலத்து வணிகக் கட்டடம் அது. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 4,000 சதுர அடியில் மூன்று தளங்கள், அடியில் ஒரு நிலத்தடிக் கிடங்கு. கீழே கடைகள், மேலே அலுவலகங்கள், மொட்டைமாடியில் பாதி இடத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கொட்டகை. ஒரு பக்கச் சுவர் பக்கத்துக் கட்டடத்தோடு ஒட்டி நிற்கிறது, நடுவில் இடைவெளியே இல்லை. அப்பா இறந்த பிறகு வாசகிக்கும் இரண்டு அண்ணன்களுக்கும் பொதுவாக வந்த சொத்து. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று மூவரும் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள்.

மூன்று கொட்டேஷன் வாங்கியாயிற்று. முதலாமவர் நேரில் வந்து கிடங்குவரை இறங்கிப் பார்த்து, பல பக்கங்களில் எழுதிக் கொடுத்திருக்கிறார். தொகை பெரியது. இரண்டாமவர் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். முதலாமவர் கேட்டதில் பாதிதான். மூன்றாமவர், "பணமே வேண்டாம். கம்பி, கதவு, ஜன்னல், வயர் எல்லாம் எனக்கு. அதற்கு மேல் நானே ஒரு தொகையும் தருகிறேன்" என்கிறார். பெரிய அண்ணன் மூன்றாமவர் கட்சி. "முதல் ஆள் நம்மை ஏமாற்றப் பார்க்கிறானா?" என்பது வாசகியின் முதல் கேள்வி. அப்புறம் இன்னும் மூன்று: ஒரு கடைக்காரருக்கு ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருக்கிறது, அதுவரை கடையை நடக்கவிட்டு மேல் தளங்களை மட்டும் இடிக்கலாமா? வெடி வைத்தால் ஒரே நாளில் முடியுமாமே? பக்கத்துச் சுவரில் விரிசல் விழுந்தால் அது காண்ட்ராக்டர் பொறுப்புதானே?

அன்புள்ள வாசகிக்கு,

இடிப்பு வேலைகளுக்கு மதிப்பீடு போடுவது என் தொழில். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் கையில் இருப்பது ஒரே வேலைக்கான மூன்று விலை அல்ல. மூன்று வெவ்வேறு வேலைகளுக்கான மூன்று விலை. முதலாமவர் ஏமாற்றுகிறாரா என்பதை அவர் போட்ட தொகையை வைத்துச் சொல்ல முடியாது. அவர் எதையெல்லாம் எழுதியிருக்கிறார், மற்ற இருவரும் எதையெல்லாம் எழுதவில்லை என்று பார்த்தால்தான் தெரியும். "நியாயமான செலவு எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நேரில் பார்க்காமல் ஒரு தொகையைச் சொன்னால் நான் அந்த இரண்டாமவர் மாதிரி ஆகிவிடுவேன். ஆனால் அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே போட்டுப் பார்க்கும்படி சொல்ல முடியும்.

எடையில் இருந்து தொடங்குங்கள்

சதுர அடிக் கணக்கு கட்டுவதற்கு ஓரளவு சரிப்படும். இடிப்பதற்கு அது பெரும்பாலும் வழி தவறவைக்கும். இரண்டு கட்டடங்களும் 12,000 சதுர அடி என்று வையுங்கள். ஒன்று இரும்புச் சட்டத்தில் தகரம் அடித்த கிடங்கு, இன்னொன்று கான்கிரீட் தூணும் செங்கல் சுவருமாக நிற்பது. முதலாவதைக் கழற்றி மடக்கிவிடலாம். இரண்டாவதை உடைக்க வேண்டும், அள்ள வேண்டும், ஏற்ற வேண்டும், எங்கோ கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். காசு போகிற இடம் அந்தக் கடைசி இரண்டும்தான்.

உங்கள் கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு தளம் 4,000 சதுர அடி. தளத்தின் கனம் ஆறு அங்குலம், அதாவது அரை அடி என்று வைத்தால் 2,000 கன அடி கான்கிரீட். கம்பி சேர்ந்த கான்கிரீட் கன அடிக்கு ஏறக்குறைய 70 கிலோ இருக்கும். ஆக, ஒரே ஒரு தளம் 140 டன். மூன்று தளத்துக்கு 420 டன். இதில் உத்தரம் இல்லை, தூண் இல்லை, அஸ்திவாரம் இல்லை, கிடங்கின் சுற்றுச்சுவர் இல்லை. அதையெல்லாம் சேர்த்தால் கான்கிரீட் மட்டும் 12,000 கன அடியை, அதாவது 840 டன்னைத் தொட்டுவிடும். செங்கல் சுவர், பூச்சு, தரையில் போட்ட கலவை, ஓடு, மொட்டைமாடித் தளவரிசை எல்லாம் அதற்கு மேல். மொத்தத்தில் 1,200 முதல் 1,500 டன்வரை வெளியே போக வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து டன் ஏற்றுகிற லாரிக்கு 120 முதல் 150 நடை.

இன்னொன்றும் இருக்கிறது. உடைத்த கான்கிரீட் முழுக் கான்கிரீட்டைவிட அதிக இடம் பிடிக்கும், கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. எடை அனுமதிக்கிற அளவு ஏறுவதற்குள் வண்டியின் தொட்டி நிரம்பிவிடுவதும் உண்டு. அதனால்தான் விவரம் தெரிந்த மதிப்பீட்டாளர், துண்டுகளை எந்த அளவுக்கு உடைப்பது, கொட்டுமிடம் எவ்வளவு தூரம், அங்கே டன்னுக்கு என்ன கட்டணம், லாரி எந்த நேரத்தில் தெருவுக்குள் வரலாம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இந்தக் கேள்வி எதையுமே கேட்காதவர் உங்கள் கட்டடத்துக்கு விலை சொல்லவில்லை. எந்தக் கட்டடத்துக்கும் பொருந்துகிற ஒரு எண்ணைச் சொல்லியிருக்கிறார்.

இலவசமாக இடிக்கிறவர் எதில் சம்பாதிக்கிறார்?

இப்போது உங்கள் அண்ணனுக்குப் பிடித்த மூன்றாமவரிடம் வருவோம். அவருடைய வருமானம் பழைய இரும்பு, செம்பு, மரம். சரி, இரும்பு எவ்வளவு தேறும்? இந்த வகைக் கட்டடத்தில் கான்கிரீட்டுக்குள் கன மீட்டருக்கு 80 முதல் 120 கிலோ கம்பி இருப்பது வழக்கம். 12,000 கன அடி என்பது 340 கன மீட்டர். அப்படியானால் 27 முதல் 41 டன் கம்பி, அதுவும் முழுதாகப் பிரித்தெடுத்தால். அஸ்திவாரத்தில் இருப்பதைத் தோண்டாமல் விட்டால் அந்த அளவுக்குக் குறையும்.

1,300 டன் கழிவு, 32 டன் இரும்பு என்று நடுவாக எடுத்துக்கொண்டால், ஒரு டன் இரும்பை விற்கும் அவர் சுமார் நாற்பது டன் இடிபாட்டைச் சுமந்து, முறையான இடத்தில் கட்டணம் கட்டிக் கொட்ட வேண்டும். ஒரு டன் பழைய இரும்பின் விலையில் நாற்பது டன் இடிபாட்டுக்கான உடைப்பு, ஏற்றுக்கூலி, லாரி வாடகை, கொட்டுகிற கட்டணம் எல்லாம் அடங்குமா என்று உங்கள் அண்ணனையே ஒரு தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு நல்ல விலை போகிற காலத்தில், இரும்புச் சட்டக் கட்டடத்தில், இந்த ஏற்பாடு நியாயமாகவே கட்டுப்படியாகும். அதை மறுக்கவில்லை. உங்களுடையது போன்ற செங்கல், கான்கிரீட் கட்டடத்தில் கணக்கு இடிக்கிறது என்றால், எங்கோ ஒரு வேலை செய்யப்படாமல் போகப்போகிறது என்று அர்த்தம். வழக்கமாக நடப்பது இவைதான்: கழிவை யாரும் இல்லாத இடத்தில் இரவோடு இரவாகக் கொட்டுவது, ஆஸ்பெஸ்டாஸை அப்படியே நொறுக்கிக் கலந்துவிடுவது, கம்பியை எடுத்துக்கொண்டு அஸ்திவாரத்தோடு இடத்தை விட்டுப் போவது, ஆட்களுக்குக் காப்பீடு எடுக்காமல் விடுவது.

இதற்காகப் பழைய பொருளின் மதிப்பை விட்டுவிடாதீர்கள். கதவு, ஜன்னல் சட்டங்கள், செம்பு வயர், ஏசி இயந்திரங்கள், லிஃப்ட் இருந்தால் அதன் மோட்டார் ஆகியவற்றைத் தனிப் பட்டியலாக எழுதுங்கள். ஒப்பந்தத்தில் இரண்டு தொகை இருக்கட்டும். இடிப்புக் கூலி ஒரு வரி, பொருளுக்காக அவர் தரும் தள்ளுபடி ஒரு வரி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் யார் யாருக்குக் கொடுக்க வேண்டியது என்பதே மறைந்துவிடும். நடுவில் இரும்பு விலை விழுந்தால் அந்த நட்டம் யாருடையது என்பதையும் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால், பாதி இடித்த கட்டடத்தோடு ஆள் காணாமல் போவதற்கு அதுவே காரணமாகிவிடும்.

இடிப்பதற்கு முன்பு எடுக்க வேண்டியவை

மொட்டைமாடிக் கொட்டகையை நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில்தான் சொல்லியிருந்தீர்கள். என் கண் முதலில் நின்றது அங்கேதான். ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் மருத்துவ உலகத்தில் சந்தேகம் இல்லை. மூச்சில் போனது இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து நோயாக வரலாம். முழுசாக இருக்கும் சிமென்ட் ஷீட் பெரிதாகத் தொந்தரவு தராது. உடைத்தால், அறுத்தால், மேலிருந்து தூக்கிப் போட்டால்தான் இழை பறக்கும். ஆகவே அதை இடிக்கக் கூடாது, கழற்ற வேண்டும். தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியை அல்லது கொக்கியை வெட்டி எடுத்து, ஷீட்டை முழுசாக இறக்கி, கனமான பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒட்டி, மேலே என்னவென்று எழுதி, அதற்கென்று அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும். செய்கிறவர்களுக்கு அதற்கான முகக்கவசமும் பயிற்சியும் வேண்டும்.

இதில் செலவுக் கணக்கும் இருக்கிறது. தனியாக எடுத்தால் சில டன் ஆபத்தான கழிவு. எடுக்காமல் இடித்துக் கலந்துவிட்டால், சட்டம் ஒழுங்காக அமலாகிற இடத்தில் அந்தக் குவியல் முழுவதுமே ஆபத்தான கழிவாகக் கருதப்படலாம். அதற்கான கட்டணத்தை 1,300 டன்னுக்கும் கட்டச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கூரையில் மட்டும்தான் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்துக் கட்டடங்களில் தரை ஓடு, அதை ஒட்டிய பசை, சூடான குழாயைச் சுற்றிய காப்பு, மின்பலகைக்குப் பின்னால் உள்ள அட்டை, மழைநீர்க் குழாய் என எங்கும் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. துண்டு எடுத்து ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். அந்தச் சோதனைக்கு ஆகும் காசு மொத்தத்தில் ஒரு சிறு துளி. கொட்டேஷன் கேட்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏசிகளில் இருக்கும் வாயுவை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். காற்றில் விடுவது பல நாடுகளில் குற்றம். ஓசோன் படலத்துக்காக 1987இல் வந்த மாண்ட்ரியல் உடன்பாட்டின் வழி வந்த விதி அது. குழல் விளக்குகளில் பாதரசம் இருக்கும். பழைய மின்மாற்றி இருந்தால் அதன் எண்ணெயைச் சோதிக்க வேண்டும். ஜெனரேட்டருக்காகப் புதைத்த டீசல் தொட்டி இருக்கிறதா என்று அப்பாவிடம் வேலை பார்த்த பழைய ஆட்களைக் கேளுங்கள். காலித் தொட்டிதானே என்று காஸ் வைத்து வெட்டினால், உள்ளே தங்கிய ஆவியில் தீப்பிடித்து வெடிக்கலாம். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர், எரிவாயு, தொலைபேசி ஒவ்வொன்றையும் அந்தந்தத் துறை வந்து முறையாகத் துண்டித்ததற்கு எழுத்தில் சான்று வாங்க வேண்டும். சுவிட்சை அணைப்பது துண்டிப்பு ஆகாது. தூசி அடங்கத் தண்ணீர் அடிப்பதற்குத் தற்காலிக இணைப்பு ஒன்றை விட்டுவைக்க மறக்காதீர்கள்.

கிடங்கும் ஒட்டிய சுவரும்

இந்தக் கட்டடத்தில் விலையைத் தூக்கப்போவது இந்த இரண்டும்தான். முதலாமவர் கிடங்குக்குள் இறங்கிப் பார்த்தார் என்று எழுதியிருந்தீர்கள். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த வரியைப் படித்தபோது.

கிடங்கின் சுற்றுச்சுவருக்கு வெளியே மண் இருக்கிறது. அந்த மண் சுவரை உள்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. சுவரின் கால் கீழே அஸ்திவாரத்தில் பிடித்திருக்கிறது. தலையைப் பிடித்திருப்பது எது? உங்கள் தரைத்தளத்தின் கான்கிரீட் தளம்தான். கடைக்காரர்கள் நிற்கிற அந்தத் தளம், எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் உள்ளே சாயாமல் நடுவில் ஒரு முட்டு மாதிரி நிற்கிறது. அதை உடைத்து எடுத்த நிமிடத்தில் சுவருக்குத் தலைப்பிடி போய்விடும். சுவர் சாய்ந்தால் பின்னால் இருக்கும் மண் சரியும். அந்த மண்ணின்மேல் நிற்பது பக்கத்து வீட்டுக்காரரின் அஸ்திவாரம். அதனால் தளத்தை எடுப்பதற்கு முன்பே குறுக்கே இரும்பு முட்டுகள் கொடுக்க வேண்டும், அல்லது பகுதி பகுதியாக உடைத்து உடனே மண் நிரப்பிக்கொண்டே வர வேண்டும். எதைச் செய்வது என்று முடிவு செய்ய வேண்டியவர் கட்டமைப்புப் பொறியாளர். எக்ஸ்கவேட்டர் ஓட்டுநரிடம் விடுகிற முடிவு அல்ல அது. ஒரே வரி கொட்டேஷனில் இந்த முட்டுச் செலவு இருக்கவே இருக்காது.

கிடங்கை எதைக் கொண்டு நிரப்புவது என்றும் கேளுங்கள். உடைத்த செங்கல், கான்கிரீட்டை அதிலேயே தள்ளினால் லாரி நடை குறையும், செலவு மிச்சம். ஆனால் நீங்கள் அதே இடத்தில் புதிதாகக் கட்டப்போகிறீர்கள். தாறுமாறாகக் கொட்டி மேலே மண் போட்டு மூடினால் நாளைக்கு அஸ்திவாரத்துக்காக அதையே திரும்பத் தோண்டி, திரும்ப லாரியில் ஏற்ற வேண்டும். இரட்டைச் செலவு. புதுக் கட்டடத்துக்கும் நிலத்தடித் தளம் வருகிறதா என்பதை வரைபடக்காரரிடம் இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். வருகிறது என்றால் நிரப்பவே வேண்டாம், முட்டுக் கொடுத்துத் திறந்தே வைக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, ஒட்டிய சுவர். அது யாருடையது? உங்களுடையதா, அவருடையதா, பொதுவா? பத்திரத்தையும் பழைய வரைபடத்தையும் பாருங்கள். பல பழைய கட்டடங்களில் உத்தரத்தின் முனை பக்கத்துச் சுவருக்குள் செருகியிருக்கும். அந்த உத்தரத்தை இயந்திரத்தால் பிடித்து இழுத்தால் பக்கத்துச் சுவரும் சேர்ந்து வரும். முறையான வழி, சுவரில் இருந்து கொஞ்சம் தள்ளி வைர ரம்பத்தால் அறுத்துப் பிரித்துவிட்டு, மிஞ்சிய முனையைக் கையால் சிறிது சிறிதாகக் கொத்தி எடுப்பது. சுவரை ஒட்டிய சில அடி அகலம் முழுக்கக் கைவேலைதான். நேரம் பிடிக்கும், கூலி ஏறும். இத்தனை நாள் உங்கள் கட்டடத்துக்குள் மறைந்திருந்த அந்தச் சுவர் இனி வெயிலும் மழையும் படும்படி நிற்கப்போகிறது. பூச்சோ தற்காலிக மறைப்போ யார் செலவில் என்பதும் பேச வேண்டிய விஷயம்.

வெடி வைப்பது, பாதியை மட்டும் இடிப்பது

வெடி வைத்து இடிப்பது திரையில் பார்க்க நன்றாக இருக்கும். மூன்று தளக் கட்டடத்துக்கு, அதுவும் பக்கத்தில் ஒட்டி இன்னொன்று நிற்கும்போது, யோசிக்கவே வேண்டாம். கட்டடம் விழுவது சில நொடி. அதற்கு முன்னால் தூண்களில் துளை போடுவது, தேவையற்ற சுவர்களை அகற்றுவது, சுற்றியுள்ளவர்களை வெளியேற்றுவது, அனுமதிகள் என்று வாரக்கணக்கில் வேலை. பின்னால் அதே 1,300 டன் அங்கேயே கிடக்கும், அள்ளித்தான் ஆக வேண்டும். மிச்சமாகும் என்று நீங்கள் நினைக்கிற நாட்கள் உண்மையில் மிச்சமாகாது. உயரமான, சுற்றிலும் காலி இடம் உள்ள கட்டடங்களுக்கான முறை அது.

உங்களுக்குப் பொருந்துவது மேலிருந்து கீழே தளம் தளமாக இறங்குவது. சிறிய எக்ஸ்கவேட்டரை மாடிக்கு ஏற்றி உடைப்பது வேகம்தான். ஆனால் அந்த இயந்திரத்தின் எடையையும் அதன்மேல் குவிகிற இடிபாட்டின் எடையையும் கீழ்த் தளம் தாங்குமா என்று கணக்குப் போட்டு, அடியில் முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். தூண்களுக்கு நடுவே வழக்கத்துக்கு மீறிய இடைவெளி இருந்தால் பொறியாளரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கான்கிரீட்டுக்குள் விறைப்பாக இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பிவடம் இருக்கலாம். தெரியாமல் அறுத்தால் தளம் ஒரேயடியாக விழலாம்.

கடைக்காரரைக் கீழே வைத்துக்கொண்டு மேலே இடிக்கலாமா என்றால், கூடாது. இதில் நடுவழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. வாடகை எட்டு மாதம் வரும் என்பது உண்மை. அந்த வாடகைக்காக மேலே இடிபாடு குவிகிற தளத்துக்கு அடியில் வாடிக்கையாளர்களை நடமாட விடுவதை எந்த முறையான காண்ட்ராக்டரும் எந்தக் காப்பீட்டாளரும் ஏற்க மாட்டார்கள். உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஒப்பந்தம் முடியும்வரை பொறுத்திருப்பது. ஆய்வு, அனுமதி, வரைபடம் எல்லாம் முடிய எப்படியும் மாதங்கள் ஆகும் என்பதால் இழப்பு நீங்கள் பயப்படுகிற அளவு இருக்காது. இன்னொன்று, கடைக்காரரோடு உட்கார்ந்து பேசி, இடம் மாறுவதற்கு ஈடு கொடுத்து முன்கூட்டியே முடித்துக்கொள்வது. அந்த ஈட்டையும் இடிப்புச் செலவில் ஒரு வரியாக எழுதுங்கள். மின் இணைப்பை வெட்டி அவரை வெளியேற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வழக்கில் மாட்டினால் கட்டடமும் நிற்கும், நீங்களும் நிற்பீர்கள்.

விரிசல் விழுந்தால் யார் பொறுப்பு?

"காண்ட்ராக்டர் பொறுப்புதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிதான் சரி. அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் 2013 ஜூனில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். நான்கு மாடிக் கட்டடம் ஒன்றை இடிக்க, மற்றவர்கள் கேட்டதைவிட வெகு குறைவாகக் கேட்ட ஒருவருக்கு வேலை போனது. அவர் மேலிருந்து முறையாக இறக்காமல், விற்றுக் காசாக்கக்கூடிய தரைச் சட்டங்களை முதலில் உருவியெடுத்தார். பிடிமானம் இல்லாமல் தனியாக நின்ற செங்கல் சுவர், பக்கத்தில் வாடிக்கையாளர்களோடு திறந்திருந்த கடைமேல் விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். காண்ட்ராக்டருக்கும் இயந்திரம் ஓட்டியவருக்கும் சிறை. அதோடு முடியவில்லை. 2017இல் நட்டஈட்டு வழக்கில் கட்டட உரிமையாளர் தரப்பும் பொறுப்பு என்று ஜூரி சொன்னது. பிறகு 22 கோடியே 70 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. உங்கள் மூன்று கொட்டேஷனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தச் சம்பவத்தை அண்ணனுக்குச் சொல்லுங்கள்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். உள்ளூர் வழக்கறிஞரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் தகுதி இல்லாதவரைத் தெரிந்தே அமர்த்திய உரிமையாளர் தப்புவது எங்குமே கடினம். நீங்கள் செய்யக்கூடியது இது. வேலை தொடங்கும் முன்பு பக்கத்துக்காரரின் அனுமதியோடு அவர் கட்டடத்தின் ஒவ்வொரு அறையையும் தேதியோடு புகைப்படம் எடுத்து, ஏற்கெனவே இருக்கும் விரிசல்களின் நீள அகலத்தைக் குறித்து, இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். பெரிய விரிசல்களின்மேல் அளவுகாட்டி ஒட்டி வாரம் ஒருமுறை பாருங்கள். காண்ட்ராக்டரிடம் மூன்றாம் நபர் பாதிப்புக்கான காப்பீடு இருக்கிறதா, அதில் இடிப்பு வேலை விலக்கப்படாமல் இருக்கிறதா என்று பத்திரத்தையே வாங்கிப் படியுங்கள். விலக்கு பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும். உங்கள் கட்டடக் காப்பீட்டையும் பாருங்கள். ஆட்கள் காலி செய்த கட்டடத்துக்குப் பல காப்பீடுகளில் பாதுகாப்பு சுருங்கிவிடும்.

கொட்டேஷனை எப்படி மறுபடி கேட்பது?

வந்த மூன்றையும் ஓரமாக வையுங்கள். ஒரு பொறியாளரை அமர்த்தி, ஆபத்தான பொருள் ஆய்வும் கட்டமைப்பு ஆய்வும் முடித்து, வேலைப் பட்டியல் ஒன்றை நீங்களே தயார் செய்யுங்கள். முன்னேற்பாடு, ஆபத்தான பொருள் அகற்றல், உள்பொருள் கழற்றல், மேல்கட்டடம், தரைத்தளமும் கிடங்கும், அஸ்திவாரம் எந்த ஆழம்வரை, கழிவு அகற்றல், பக்கத்துச் சுவர்ப் பாதுகாப்பு, தூசி மறைப்பும் சாரமும், இடத்தைச் சமன்படுத்திக் கொடுப்பது. எல்லோரும் இதே வரிசையில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை போடட்டும். மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பதால், எதிர்பாராத கான்கிரீட் வந்தால் கன மீட்டருக்கு என்ன, கூடுதல் ஆஸ்பெஸ்டாஸ் கிடைத்தால் டன்னுக்கு என்ன என்று அலகு விலையை இப்போதே வாங்கிவிடுங்கள். வேலை பாதியில் நிற்கும்போது பேரம் பேசினால் ஓங்கிய கை அவருடையது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பகுதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு முழுசாக முடிந்திருந்தால் மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் போதும் என்பது என் வழக்கம். ஆய்வு இல்லாமல் இறங்கினால் 25 சதவீதம் ஒதுக்கினாலும் எனக்குத் தூக்கம் வராது.

பணத்தை நாள் கணக்கில் கொடுக்காமல், வேலை முடிந்த கட்டத்துக்குக் கொடுங்கள். கடைசித் தவணை, இடம் காலியானதும் அல்ல, கழிவுக் கணக்கு கைக்கு வந்ததும். ஒவ்வொரு லோடுக்கும் எடைமேடை ரசீது வேண்டும். அதில் வண்டி எண், தேதி, வெறும் வண்டி எடை, ஏற்றிய எடை இருக்கும். கொட்டுமிடத்தின் முத்திரையும் சேர்ந்திருக்க வேண்டும். ரசீதுகளைக் கூட்டினால் மொத்தம் நாம் மேலே போட்ட எடைக்குப் பக்கத்தில் வர வேண்டும். 1,300 டன் கட்டடத்துக்கு 500 டன் ரசீது வந்தால் மிச்சம் எங்கே போனது என்று கேளுங்கள். உங்கள் கட்டடத்துக் கழிவு ஏதாவது ஏரிக்கரையில் கிடந்து, யாராவது அதைத் தேடி வந்தால், வருவது உங்கள் வாசலுக்குத்தான்.

கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயம். பொதுச் சொத்து என்பதால் நீங்கள் மூவரும் எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். பெரிய அண்ணன் மட்டும் போட்ட கையெழுத்தை வைத்து இடிக்கத் தொடங்கினால், நாளைக்கு உங்களுக்குள்ளேயே மனத்தாங்கல் வரும்போது அதுவே வழக்காகும். இரண்டாவது, நீங்கள் கேட்காத ஒன்று: புதிதாக எவ்வளவு கட்ட அனுமதி கிடைக்கும் என்று தெரிந்துகொண்டீர்களா? நாற்பது ஆண்டுக்கு முந்திய கட்டடம் அன்றைய விதியில் நிற்கிறது. இடித்த மறுநாள் இன்றைய விதி. பக்கவாட்டு இடைவெளி, வண்டி நிறுத்துமிடம், தீயணைப்புப் பாதை என்று கழித்தால், இப்போது இருக்கும் 12,000 சதுர அடிகூடக் கிடைக்காமல் போகலாம். அப்படியானால் உள்ளதைப் பலப்படுத்திப் புதுப்பிப்பதோ, இப்படியே விற்பதோ லாபமாக இருக்கலாம். ஆகவே வரைபட அனுமதி கைக்கு வரும்வரை இடிப்பு ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அந்த இடைவெளியில் ஆஸ்பெஸ்டாஸ் சோதனையும் கிடங்குச் சுவர் ஆய்வும் முடிந்திருக்கும், கடைக்காரரின் எட்டு மாதத்திலும் பாதி கழிந்திருக்கும்.